பூவைத் துடைக்க முடியாது

தம்பிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதால்தான் நான் திருப்பூரைப் பார்த்தேன். சாவகச்சேரியில் அவன் சின்னதாக ஓர் உடுப்புக்கடை வைத்திருக்கிறான். வருடம் ஒருமுறை திருப்பூருக்குப் போய் பனியனும் டீ-சர்ட்டும் தெரிவு செய்துகொண்டு வருவான். இந்த முறை கட்டிலை விட்டு எழும்ப முடியாமல் கிடந்தான். "அக்கா, நீங்கள் சும்மாதானே இருக்கிறியள், ஒருக்கால் போட்டு வாங்கோவன்" என்றான். காலமெல்லாம் விவசாயப் போதனாசிரியராக வெயிலில் அலைந்து ஓய்வு பெற்ற ஒருத்தியைப் பார்த்து இப்படிச் சொல்ல ஒரு தம்பியால்தான் முடியும். கோபம் வந்தது. கடவுச்சீட்டு அலுமாரிக்குள் சும்மா கிடக்கிறதே என்ற யோசனையும் கூடவே வந்தது.

துணி பார்க்கப் போன இடத்தில் நான் துணியைப் பார்த்ததைவிடத் தேனீப் புழுவைப் பார்த்ததுதான் அதிகம். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதல் நாள் காலை பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பேக்கரியில் தேத்தண்ணீர் குடிக்க நின்றேன். பேக்கரி என்றுதான் பலகை சொன்னது, ஆனால் பாண் வாங்குகிற ஒருவரையும் காணவில்லை. எல்லோரும் நின்றபடியே தேத்தண்ணீர் குடித்தார்கள், குடித்த கையோடு ஓடினார்கள். கடைக்காரர் வந்த கிளாஸ்களை ஒரே வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து அடுத்தவருக்கு ஊற்றினார். எனக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் கிறுக்கு உண்டு. காகிதக் கோப்பை கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கேரளாங்களா?" என்றார். இந்தக் கேள்வியை அடுத்த சில நாட்களில் இன்னும் பலர் கேட்டார்கள். யாழ்ப்பாணம் என்று சொல்லிச் சொல்லி அலுத்து, கடைசியில் ஓர் ஆட்டோக்காரரிடம் ஆமாம், கேரளா என்றே சொல்லிவிட்டேன். அவர் உடனே மலையாளத்தில் பேசத் தொடங்கிவிட்டார்.

என் பக்கத்தில் நின்ற ஒரு பெண் கைப்பேசியில் ஹிந்தியில் பேசிக்கொண்டிருந்தாள். தொலைக்காட்சி புண்ணியத்தில் எனக்குக் கொஞ்சம் விளங்கும். "எல்லாவற்றிலும் தேங்காய் போடுகிறார்கள் அம்மா, வெறும் சோற்றைத் தவிர எல்லாவற்றிலும்" என்று தாயிடம் முறையிட்டாள். இந்த ஊர்ச் சமையலில் தேங்காய் போதவில்லை என்று முந்தின இரவுதான் நான் தம்பிக்குத் தொலைபேசியில் குறைப்பட்டிருந்தேன்.

தம்பி வழக்கமாக வாங்குகிற தொழிற்கூடம் அருள்புரத்தில் இருந்தது. அதன் முதலாளி குமரேசன். நடுத்தர வயது, நரைத்த மீசை, நெற்றியில் சின்னத் திருநீற்றுக் கீற்று. வாசலிலேயே நின்று, "வாங்க வாங்க, சாப்டீங்களாங்க?" என்று கேட்டார். சாப்பிட்டுவிட்டேன் என்றேன். அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. சிறிது நேரத்தில் சந்தகையும் தேங்காய்ப்பாலும் வந்தன. சந்தகை எங்கள் இடியப்பத்தின் ஒன்றுவிட்ட சகோதரம். இழை கொஞ்சம் தடிப்பு, கொஞ்சம் ஈரம். எங்கள் சொதி கொஞ்சம் கிடைத்திருந்தால் நான் அங்கேயே குடியிருந்திருப்பேன்.

உள்ளே வரிசை வரிசையாகத் தையல் மெஷின்கள். காற்றில் பஞ்சுத்தூசி மிதந்தது. கடைசியில் ஒரு நீள மேசை, அடியில் விளக்கு. அதில் துணிகளைப் பரப்பி, கறையும் ஓட்டையும் இருக்கிறதா என்று பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பி கேட்டிருந்த நீல டீ-சர்ட்டில் குறுக்கே ஒரு மங்கல் கோடு ஓடியதைக் கண்டு காட்டினேன்.

குமரேசன் துணிக்குச் சாயம் போட்ட வீரபாண்டிப் பட்டறைக்குப் போன் செய்தார். அவர்கள் துணி பின்னி வரும்போதே கோடு இருந்தது என்றார்கள். பின்னியவரைக் கேட்டார். நூலிலேயே இருந்தது என்றார் அவர். நூல் ஆலைக்காரர், மூட்டை போகும்போது சுத்தமாகத்தான் இருந்தது என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. குமரேசனும் சிரித்தார். "இந்த ஊர்ல யாரும் தப்புப் பண்றதே இல்லீங்கக்கா. எல்லாம் வரும்போதே வந்துருதுங்க."

நான் விவசாயத் திணைக்களத்தில் வேலை பார்த்தவள், வீட்டில் தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறேன் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். அவர் முகம் மாறியது. அவிநாசிபாளையம் பக்கத்தில் அவருக்கு முருங்கைத் தோட்டம் உண்டாம். அங்கே முன்பு இதே கூடத்தில் வேலை பார்த்த ஒரு பெண் தேனீ வளர்க்கிறாளாம்.

"பூ கொட்டிக் கெடக்குதுங்க, காய்தான் புடிக்க மாட்டேங்குது. தேனீயும் போன மாசம் மாதிரி இல்லீங்க. நீங்க ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போனீங்கன்னா புண்ணியமாப் போகுமுங்க."

ஓய்வு பெற்றவர்களுக்கு இப்படி ஓர் அழைப்பு வந்தால் போதும். வருகிறேன் என்றேன். தன் காரில் கூட்டிப் போவதாகச் சொன்னார். நான்தான் பேருந்தில் ஊர் பார்த்துக்கொண்டு வருகிறேன் என்று வீம்பாகச் சொன்னேன். அந்த வீம்புக்கு மறுநாளே பலன் கிடைத்தது.

மறுநாள் நான் ஏறியது அவிநாசிப் பேருந்து. அவிநாசி வடக்கே, அவிநாசிபாளையம் தெற்கே. நடத்துநர் என் சீட்டுப் பணத்தைத் திருப்பிக் கையில் வைத்து, ஒரு சிறு பிள்ளைக்குச் சொல்வதுபோல, "அவிநாசி வேறங்கம்மா, அவிநாசிபாளையம் வேறங்க. எறங்கி அந்தப் பக்கம் நில்லுங்க, தாராபுரம் பஸ்ஸு வரும்" என்றார். அந்தப் பக்கம் நின்றேன். தாராபுரம் பேருந்து வந்தது, உட்கார இடம் இல்லை. ஒருவர் மடியில் கோழிக்குஞ்சுக் கூடை. அவை என் முழங்கையைக் கொத்திக்கொண்டே வந்தன. ஊரில் என்றால் கூடையைக் கூரைமேல் போடச் சொல்லி ஒரு சண்டை பிடித்திருப்பேன். வெளிநாட்டில் மனிதர்கள் நல்ல பிள்ளைகளாகி விடுகிறார்கள்.

முருங்கைத் தோட்டம் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்தது. கொங்கு நாட்டு வழக்கப்படி சுற்றிலும் கிளுவை வேலி. தூரத்திலிருந்து பார்த்தபோது வேலியெங்கும் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகத் துண்டுத்துணிகள் தொங்கின. ஏதோ கோவில் நேர்த்திக்கடன் போலும் என்று நினைத்து, செருப்பைக் கழற்றலாமா என்றுகூட யோசித்தேன்.

தேனீ வளர்க்கிற பெண், எஸ்தர், எதிரே வந்தாள். காரில் முன்னமே வந்துவிட்ட குமரேசனும் கூட நின்றார். சாத்தான்குளம் பக்கத்துப் பெண். கல்யாணம் முடித்த கையோடு கணவனும் மனைவியுமாகத் திருப்பூர் வந்தவர்கள். அவள் கணவர் சாயப்பட்டறையில் வேலை. அவள் குமரேசனின் கூடத்தில் ஓவர்லாக் மெஷினில் இருந்தாள், பிறகு அந்த விளக்கு மேசையில் துணி பார்த்தாள்.

"ஏன் அந்த வேலையை விட்டனீர்?" என்று கேட்டேன்.

"நெஞ்சுக்குள்ள பஞ்சு போயிட்டுக்கா. மூச்சு விட்டா விசிலு அடிக்கும். இனிம அந்தத் தூசிக்குள்ள உக்காந்தா நான் பொறுப்பில்லன்னு டாக்டர் சொல்லிட்டாவ. அப்பம்தான் அண்ணாச்சி, தோட்டத்துல பெட்டி வச்சுப் பாருன்னு எடம் குடுத்தாவ. இங்க வந்த பொறவு ராத்திரி நிம்மதியாத் தூங்குதேன்."

அண்ணாச்சி என்று அவள் சொன்னது குமரேசனை. அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

நாளை சாயங்காலம் பெட்டிகள் எல்லாம் இடம் மாறப் போகின்றன என்றாள். முருங்கைப் பூ முடிகிற தறுவாய். குமரேசனின் மனைவியின் தம்பி சிவராஜுக்குக் குண்டடம் பக்கம் சூரியகாந்தி பூத்து நிற்கிறது. பெட்டிகளைத் தருவதாகக் குமரேசன் வாக்குக் கொடுத்திருந்தார், டெம்போவும் பேசியாகிவிட்டது. சூரியகாந்தி நன்றாக அமைந்தால் பெட்டிகளைப் பிரித்துப் பெருக்கலாம். பிறகு பல்லடம் பக்கத்துத் தென்னந்தோப்புகளிலும் கூப்பிடுவார்கள். அவள் கண்களில் ஒரு வெளிச்சம் இருந்தது. எனக்கு அவளை உடனே பிடித்துப்போனது.

மரங்களின் கீழே பெட்டிகள் நின்றன. வாசல்களில் போக்குவரத்து குறைவு. முதல் பெட்டியைத் திறந்து புழு இருக்கிற அடையை எடுத்து வெயிலுக்குப் பிடித்தேன். நல்ல புழு முத்துவெள்ளையாக, அறைக்குள் சுருண்டு படுத்திருக்கும். இவை சுருளவில்லை. மல்லாந்து நீட்டி, தலையைத் தோணியின் முன்முனைபோல மேலே தூக்கிக்கொண்டு கிடந்தன. மூடிய அறைகளில் சின்னச் சின்ன ஓட்டைகள். எஸ்தரின் கொண்டையிலிருந்து ஓர் ஊசியை வாங்கி ஒரு புழுவை மெல்லத் தூக்கினேன். தண்ணீர் நிரம்பிய சிறு பைபோல முழுசாக வந்தது.

படங்களில் எத்தனையோ தடவை பார்த்த நோய். பைப்புழு நோய் என்போம். இந்தியத் தேனீக்கு இதைவிடக் கெடுதலானது அதிகம் இல்லை. மருந்து கிடையாது. வேளாண் கல்லூரிக்கு மாதிரி அனுப்பினால்தான் உறுதியாகச் சொல்லலாம் என்றேன். என் குரலே எனக்கு நம்பிக்கை தரவில்லை.

எஸ்தர் ஊசியில் தொங்கிய பையைப் பார்த்தாள். "இது நாலஞ்சு நாளாக் கெடக்கு. வெயிலுக்குத்தான் அப்படின்னு நெனச்சேன்." பிறகு, "எங்கேருந்துக்கா வரும்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். ஏனென்றால் வரும் வழியில் வேலித் துணிகளைப் பக்கத்தில் பார்த்துவிட்டேன். நேர்த்திக்கடன் அல்ல. பனியன் கூடத்தில் வெட்டி மிஞ்சுகிற கட்டிங் வேஸ்ட். ஒவ்வொரு துண்டிலும் தேனீக்கள் மொய்த்தன. எஸ்தரின் தேனீ மட்டுமல்ல, காட்டுக் கொம்புத்தேனீ, கொசுத்தேனீ, ஒன்றிரண்டு கருவண்டுகூட.

"இந்தத் துணி?" என்றேன்.

"தேன் எடுத்து முடிச்சுச் சட்டம், கத்தி எல்லாத்தையும் இதுலதான் துடைப்பேன். பனியன் துணி நல்லா இழுக்கும்லா. அதுல ஒட்டின தேனு வீணாப் போவண்டாமேன்னு வேலியில போடுவேன். கோடையில தண்ணியில சீனி கரைச்சும் நனைப்பேன். நாம பெட்டித் தேன எடுக்கோம், காட்டுல கெடக்கதுகளும் கொஞ்சம் குடிக்கட்டும்."

திருப்பூரில் கட்டிங் வேஸ்டை யாரும் வீணாக்குவதில்லை. மெஷின் துடைக்க, தலையணை அடைக்க, வண்டி துடைக்க, அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். அந்தக் கை அப்படியே தோட்டத்துக்கும் வந்திருக்கிறது. வேறு எந்த ஊரிலும் ஒரு தேனீக்காரி இவ்வளவு நல்ல, மெத்தென்ற, தேன் குடிக்கிற துணியை வேலியெங்கும் தொங்கவிட்டிருக்க மாட்டாள்.

சொன்னேன். சொல்லாமல் இருக்க வழியில்லை. எந்தப் பெட்டியில் முதலில் நோய் வந்ததோ தெரியாது. அந்தப் பெட்டியின் தேன் துணியில் ஏறியது. மற்றப் பெட்டித் தேனீக்கள் வந்து அதைக் குடித்து, கொண்டுபோய்த் தங்கள் புழுக்களுக்கு ஊட்டின. நோயுள்ள பெட்டிக்குப் பலம் வரட்டும் என்று நல்ல பெட்டியின் அடையை மாற்றி வைத்ததையும் அவளே சொன்னாள். ஒவ்வொன்றும் அன்பாகச் செய்த காரியம்.

எஸ்தர் வேலியோரமாக நடந்து ஒவ்வொரு துணியாகப் பிடுங்கினாள். கிளுவை முள்ளில் கை கிழித்தது, அவள் கவனிக்கவில்லை. குமரேசன் சும்மா நிற்க முடியாமல் அவரும் பிடுங்கினார். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் கூடத்துக் கழிவையே வேலியிலிருந்து பொறுக்கினார். எல்லாவற்றையும் ஒரு குழியில் போட்டு எரித்தோம். சீனி கருகுகிற மணம் எழும்பியது, கல்யாண வீட்டுப் பின்புறம்போல.

புகையைப் பார்த்துக்கொண்டு நின்ற எஸ்தர் திடீரென்று தலைநிமிர்ந்து முருங்கை மரங்களைப் பார்த்தாள். எங்கள் தலைக்கு மேலே கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ. ஒரு பூவில் கருவண்டு இறங்கி எழுந்தது. அதே பூவில் உடனே அவளுடைய தேனீ ஒன்று இறங்கியது.

"துணிய எடுத்துட்டேன். பூவ என்னக்கா செய்ய?"

பல வருடம் உழவர்களுக்கு முன்னால் நின்று பேசியிருக்கிறேன். இவ்வளவு சரியான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பூவும் அந்தத் துணி மாதிரித்தான். நோயுள்ள தேனீ பூவில் இறங்கும்போது வாயிலிருந்தும் காலிலிருந்தும் கழிவிலிருந்தும் கிருமியை விட்டுப் போகும். அடுத்து வருவது அவள் பெட்டித் தேனீயாக இருக்கலாம், காட்டுத் தேனீயாக இருக்கலாம், வண்டாக இருக்கலாம். சில நோய்கள் ஓர் இனத்திலிருந்து வேறோர் இனத்துக்கும் இப்படித் தாவுவதுண்டு. இறகு சுருங்கிப் பறக்க முடியாமல் தரையில் ஊர்கிற வண்டுகளை நான் ஊரிலேயே பார்த்திருக்கிறேன். குமரேசனுக்கு விளங்கட்டும் என்று பேக்கரி வாளியையும் கிளாஸையும் சொன்னேன். அவர், "அட, நான் தெனம் அங்கதானுங்க டீ குடிக்கறன்" என்று தொண்டையைத் தடவிக்கொண்டார்.

பூவைத் துடைக்க முடியாது. அதைத்தான் எஸ்தரிடம் சொன்னேன். ஆனால் பூ துணி மாதிரி மாதக்கணக்கில் தொங்கிக்கொண்டிருக்காது. இன்று மலர்ந்து ஓரிரு நாளில் உதிர்ந்துவிடும். வெயில் காயவைக்கும். அடுத்த பூ சுத்தமாகத்தான் விரியும். நோயுள்ள தேனீ அதில் போய் உட்காராமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. நோய் பிடித்த அடைகளை எரித்தாக வேண்டும் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது.

அன்று மத்தியானம் குமரேசன் வீட்டில் அரிசிம்பருப்புச் சாதம். நெய் மிதந்தது. அவர் மனைவி, "இன்னுங் கொஞ்சம் போட்டுக்குங்க" என்று வற்புறுத்திக்கொண்டே இருந்தார். இரவு லாட்ஜ் கட்டிலில் படுத்துக்கொண்டு, நான் பேசாமல் நீல டீ-சர்ட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கலாமே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் நான் போயிருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் போனேன், இந்த முறை சரியான பேருந்தில். போய்ச் சேரும்போது எஸ்தர் எல்லாப் பெட்டிகளையும் திறந்து பார்த்து முடித்திருந்தாள். மோசமான பெட்டிகளின் அடைகளை எரித்தாயிற்று. மிச்சத்தில் பார்வைக்கு நோய் தெரியாத பெட்டிகளும் இருந்தன. பொழுது சாய்கிற நேரம் டெம்போ வந்து வேலிக்கு வெளியே நின்றது. தேனீக்கள் கூடடைந்த பிறகு வாசலை அடைத்து ஏற்ற வேண்டும்.

குமரேசன் என்னைத் தனியே கூப்பிட்டார். "நல்லா இருக்கறத மட்டும் ஏத்தீரலாமுங்களா? மாப்ளைக்கு வாக்குக் குடுத்துட்டன். எஸ்தரும் பாவம், இந்தப் பூவ உட்டா அவளுக்கு வேற வழியில்லீங்க. அங்க போயி நல்ல பூவக் குடிச்சாத் தெளிஞ்சாலும் தெளிஞ்சுக்குமுங்க."

அவர் கெட்டவர் இல்லை. அவள்மேல் உள்ள இரக்கத்தில்தான் கேட்டார். நான் சொன்னேன்: "பார்வைக்கு நல்லாத்தான் இருக்கும். உள்ளுக்கை நோய் இருக்கலாம். அங்கை சூரியகாந்திக்கு ஊரெல்லாம் இருந்து தேனீ வரும். ஒரு பூவிலை எல்லாம் இறங்கும்."

"யாருக்குங்க தெரியப் போகுது?" என்று கேட்டுவிட்டு, தான் கேட்டது தனக்கே பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் முடிவு சொல்லவில்லை. சொல்கிற தகுதியும் எனக்கு இல்லை. நான் விமானம் ஏறிப் போய்விடுவேன். தூசிக்குள் போய் உட்கார வேண்டியவள் அவள். எஸ்தர் ஒரு பெட்டியின்மேல் கைவைத்தபடி டெம்போவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் ஏற்று என்று சொன்னால் நான் தடுத்திருப்பேனா என்று எனக்கே நிச்சயமில்லை.

அப்போதுதான் சிவராஜின் போன் வந்தது. குமரேசன் எடுத்தார். "கெளம்பியாச்சுங்களா மச்சான்?" என்று அந்தப் பக்கம் கேட்டது எங்களுக்கும் கேட்டது. குமரேசன், "அது வந்து மாப்ள…" என்று இழுத்தார். எஸ்தர் வந்து அவர் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். முதலாளி கையிலிருந்து அப்படிப் போனை வாங்கியதை அவர் கூடத்தில் யாரும் கண்டிருக்க மாட்டார்கள்.

"அண்ணாச்சி, எஸ்தர் பேசுதேன். பெட்டி வராது. புழுவுல நோயி இருக்கு."

அந்தப் பக்கம் என்னவோ கேட்டது.

"இல்ல. வாங்கிட்டு வரும்போது நல்லாத்தான் இருந்துச்சு. என் கையிலதான் ஆச்சு. தேன் துடைச்ச துணிய வேலியில போட்டேன். நல்ல பெட்டி, நோயிப் பெட்டி எல்லாம் அதுலயே குடிச்சிருக்கு. தெரியாமச் செஞ்சது, ஆனா நான் செஞ்சது. இதக் கொண்டாந்து ஒங்க பூவுல விட முடியாது."

எல்லாம் வரும்போதே வந்துவிடுகிற ஊரில், என் மேசையில்தான் ஆனது என்று ஒருவர் சொல்லிக் குமரேசன் கேட்டதே இல்லை.

தொடர்பு அறுந்துவிட்டதாக்கும் என்று எஸ்தர் திரையைப் பார்த்தாள். பிறகு சிவராஜின் குரல் வந்தது, முன்பைவிடச் சின்னதாக.

"எங்க கெணத்து மேட்டுலயும் ரெண்டு பெட்டி வெச்சிருந்தமுங்க. போன வாரமே காலிங்க. புழு தலையத் தூக்கிட்டுக் கெடந்துச்சு. பக்கத்துத் தோட்டத்துலயும் அப்படித்தானுங்க. சொன்னா நீங்க கொண்டார மாட்டீங்கன்னு சொல்லாம உட்டுட்டனுங்க."

எஸ்தர் போனைக் குமரேசனிடம் நீட்டினாள். பிறகு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அழுகையானது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவினேன். என் கண்ணிலும் தண்ணீர் வந்தது, மறைக்கவில்லை. நல்லதாக மிஞ்சியிருந்த பெட்டிகளையும் கொண்டுபோய் நோய்க்குள்ளேயே இறக்கியிருப்பாள். சிவராஜ் ஒரு வாரத்துக்கு முன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இவளும் தன் பெட்டியில் கிடப்பது வெயிலின் வேலை இல்லை என்று கண்ட அன்றே தெரிந்துகொண்டிருப்பாள். புழு தலைதூக்கிக் கிடந்ததை இரண்டு தோட்டங்களிலும் பார்த்திருக்கிறார்கள். யாரும் யாரிடமும் சொல்லவில்லை. தேனீக்கள் மட்டும் பூவுக்குப் பூ போய் வந்துகொண்டிருந்தன.

குமரேசன் டெம்போவைத் திருப்பி அனுப்பினார். பிறகு வரப்பில் உட்கார்ந்து சுற்றுவட்டாரத் தோட்டக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டார். "எங்க தோட்டத்துப் பெட்டியில நோய்ங்க. நீங்க பெட்டி வெச்சிருந்தாத் தொறந்து பாருங்க. ஆமாங்க, எங்க தோட்டத்துலதானுங்க." இருட்டும்வரை அவர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

மிஞ்சிய பெட்டிகளுக்கு என்ன செய்யலாம் என்று எஸ்தருக்கும் எனக்கும் தெரிந்ததைப் பேசினோம். ராணியைக் கொஞ்ச நாள் சின்னக் கூண்டில் அடைத்து முட்டையிடாமல் செய்தால், பழைய புழு எல்லாம் போய், வேலைக்காரத் தேனீக்கள் அறைகளைத் துப்புரவாக்கிவிடும். சீனித்தண்ணீரை வெளியில் வைக்காமல் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தனித்தனியாக வைக்க வேண்டும். ஒரு பெட்டியில் தொட்ட கையைக் கழுவாமல் அடுத்ததைத் தொடக் கூடாது. பிழைத்தாலும் பிழைக்கும். அதுவரை வருமானம் இல்லை, போகிற இடமும் இல்லை.

எஸ்தர் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு குமரேசனிடம் போனாள். "அண்ணாச்சி, திங்கக்கெழம வரட்டுமா? மெஷினு காலியா இருக்கா?"

"டாக்டரு வேண்டாம்னு சொன்னாருல்ல கண்ணு" என்றார் அவர்.

"பெட்டி சொகமாகுத வரைக்கும்தான்."

அவர் தலையாட்டினார். ஜன்னலோரம் தூசி குறைவாக இருக்கிற இடத்தில் போடச் சொல்கிறேன் என்றார். அப்படி ஓர் இடம் அந்தக் கூடத்தில் இல்லை என்பதை முதல் நாளே பார்த்திருந்தேன்.

ஊருக்கு வந்ததும் நான் தோட்டத்துக்குப் போட்டுப்போன சேலை, செருப்பு, பை எல்லாவற்றையும் கொதிதண்ணீரில் அலசினேன். பல நாள் என் தேனீப் பெட்டிகளின் பக்கமே போகவில்லை. "திருப்பூருக்குப் போய்ச் சேலை தோய்க்கப் பழகிக்கொண்டு வந்திருக்கிறா" என்று கட்டிலில் கிடந்தபடி தம்பி கிண்டல் செய்தான். டீ-சர்ட்டுகள் கோடு இல்லாமல் வந்து சேர்ந்தன. அவனுக்குப் பெரிய சந்தோஷம்.

போன கிழமை எஸ்தரிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. சமையலறையில் நின்று கேட்டேன்.

"அக்கா, சொகமா இருக்கீங்களா? ராணியத் தொறந்து விட்டுட்டேன். மூணு பெட்டியில புதுப்புழு இருக்கு. நல்ல வெள்ளையா, சுருண்டு கெடக்கு. தெனம் பாக்க முடியல, லீவு அன்னிக்கித்தான் போயிப் பாத்தேன். அடுத்த பூவுக்கு எழும்பிரும்னு நெனக்கேன்."

சந்தோஷத்தில் இரண்டாம் தடவையும் போட்டேன். பேச்சுக்குப் பின்னால் ஓர் இரைச்சல் கேட்டது. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பேசுகிறாள் என்று நினைத்து, போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன். மூன்றாம் தடவை கேட்டபோதுதான் அது தையல் மெஷின்கள் என்று தெரிந்தது. நடுவில் இரண்டு இடத்தில் அவள் இருமியிருந்தாள்.